பந்தியில் உட்காரும்போது: ரங்கூன் தமிழ்க் கிறிஸ்தவர்கள் உணவைப் பற்றிக் கேட்கும் கேள்விகள்

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் சர்க்கரை நோயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு சமையலுக்கு வந்துவிடும். சமையலில் இருந்து வேதத்துக்குப் போய்விடும். நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், போதகர் அல்ல. ஆனாலும் இரண்டு பக்கத்துக் கேள்விகளும் என்னிடம் வருகின்றன. கத்தோலிக்கர், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று பல சபையாரும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். மருந்து சாப்பிடுகிறவர்கள் எதையும் மாற்றும் முன் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு உடம்பு சம்பந்தப்பட்டது. இதில் விசுவாசத்துக்கு என்ன வேலை?

வேதாகமத்தைத் திறந்து மூன்றாவது அதிகாரத்துக்கு வரும் முன்பே பழத்தைப் பற்றிய கட்டளை வந்துவிடுகிறது. வனாந்தரத்தில் மன்னா. எம்மாவு ஊரில் அப்பம் பிட்டபோதுதான் சீஷர்கள் ஆண்டவரை அடையாளம் கண்டார்கள். உயிர்த்தெழுந்த பிறகு திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று கூப்பிட்டவர் அவரே. வெளிப்படுத்தின விசேஷத்திலும் ஆட்டுக்குட்டியானவரின் கலியாண விருந்து வருகிறது.

"உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம்" என்ற வசனத்தைத்தான் எல்லாரும் முதலில் எடுப்பார்கள். நல்ல வசனம்தான். ஆனால் பவுல் அங்கே பேசிக்கொண்டிருப்பது வேசித்தனத்தைப் பற்றி. அதைக் கொண்டுவந்து ஒருவருடைய தட்டில் இருக்கும் பொரியலை நியாயந்தீர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாப்பாட்டைப் பற்றிப் பவுல் நேராகவே பேசும் இடம் அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரம். கொரிந்து சபையில் வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு தாங்கள் கொண்டுவந்ததைச் சாப்பிட்டுவிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். இது கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார் பவுல். "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்பதுதான் அவர் கொடுத்த மருந்து. அளவும் ஆரோக்கியமும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு சேர்ந்த விஷயம் என்று நான் நினைப்பதற்கு இந்த இடம்தான் காரணம். "நீங்கள் புசித்தாலும், குடித்தாலும், எதைச்செய்தாலும், எல்லாவற்றையும் தேவனுடைய மகிமைக்கென்று செய்யுங்கள்" என்ற வசனமும் மற்றவரின் மனச்சாட்சியைப் பற்றிப் பேசும்போதுதான் வருகிறது.

கவனத்தோடு சாப்பிடுவது பௌத்த தியானம் இல்லையா? கிறிஸ்தவர்கள் செய்யலாமா?

இந்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மகாசி என்ற பர்மியப் பௌத்தத் துறவி கற்பித்த தியான முறையில் கையை நீட்டுவது, எடுப்பது, மெல்லுவது, விழுங்குவது என்று ஒவ்வொன்றையும் மனதுக்குள் குறித்துக்கொண்டே சாப்பிடுவார்கள். நம் அக்கம்பக்கத்தில் பலர் அந்தப் பயிற்சிக்குப் போய் வந்தவர்கள்.

நிதானமாகச் சாப்பிடுவது எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமில்லை. நமக்கும் அதில் பழைய வழி உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் தியானத்துக்கு எழுதிவைத்த குறிப்புகளில் உணவைப் பற்றி மட்டும் எட்டு விதிகள் இருக்கின்றன. ஆண்டவர் தம் அப்போஸ்தலர்களோடு உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுகிறார், எப்படிக் குடிக்கிறார், எப்படிப் பார்க்கிறார், எப்படிப் பேசுகிறார் என்று மனதில் கண்டபடி சாப்பிடு என்பது ஒன்று. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: அடுத்த வேளைக்கு எவ்வளவு என்பதைப் பசி இல்லாத நேரத்தில், சாப்பிட்டு முடித்த உடனே தீர்மானித்துக்கொள் என்கிறார். சர்க்கரை நோயாளிகளுக்கு நான் இதை அப்படியே சொல்லிக் கொடுக்கிறேன். இரவு எத்தனை கரண்டிச் சோறு என்பதை மத்தியானமே முடிவு செய்தவர் இரவில் பானைக்கு முன்னால் நின்று தடுமாற மாட்டார்.

நாம் ஏற்கனவே செய்யும் ஒன்றும் இருக்கிறது. சாப்பாட்டு ஜெபம். பல வீடுகளில் "ஆமென்" வருவதற்குள் கை சோற்றுக்குள் இருக்கும். அந்த ஜெபத்தைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். சமைத்தவரின் பெயரைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். ஐராவதிக் கழிமுகத்தில் வலை போட்டவருக்காகவும் நாற்று நட்டவருக்காகவும் ஒரு வரி சேருங்கள். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெதுவாகச் சாப்பிடுங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறவருக்குப் போதும் என்று சொல்ல உடம்புக்கு அவகாசமே கிடைப்பதில்லை.

டீக்கடை இல்லாமல் எங்களுக்கு வாழ்க்கை இல்லை. அதையும் விடச் சொல்வீர்களா?

இல்லை. ஐக்கியத்துக்கு டீக்கடையைப் போல் ஒரு இடம் ரங்கூனில் கிடையாது. சபைக் காரியங்கள் பாதி அந்தக் குட்டி ஸ்டூல்களில்தான் பேசி முடிகின்றன.

ஆனால் கிளாஸின் அடியைப் பாருங்கள். டீ ஊற்றுவதற்கு முன்பே அங்கே டின் பால் கெட்டியாகத் தங்கியிருக்கும். டின் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டி 20 கிராம் என்றால் அதில் ஏறத்தாழ 11 கிராம் சர்க்கரை. இரண்டு கரண்டி விழுந்தால் 22 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. காலையில் ஒரு கிளாஸிலேயே அது கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. மத்தியானம் ஒன்று, சாயங்காலம் கூட்டாளி வந்தால் ஒன்று என்று போனால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். கூடவே இ சா குவே என்னும் பொரித்த மாவுக் குச்சி, சமுசா, பலாத்தா. எல்லாம் எண்ணெயும் மாவும்.

மேசை மேல் காசில்லாமல் வைத்திருக்கும் யேநுவேஜான் கெண்டியை நாம் கவனிப்பதே இல்லை. பாலும் சர்க்கரையும் இல்லாத வெறும் டீ அது. ஒரு நாளைக்கு ஒரு பால் டீ, அதுவும் டின் பால் குறைக்கச் சொல்லி வாங்கியது. மற்றபடி உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் கெண்டி டீ. நண்பர்களும் கடையும் அப்படியே இருக்கும். பலகாரத்துக்குப் பதில் மொஹிங்கா சாப்பிடலாம். மீனும் வாழைத்தண்டும் சேர்ந்த நல்ல சாப்பாடு அது, மேலே போடும் பொரித்த வடையை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கறியில் எண்ணெய் மிதந்தால்தான் ருசி என்கிறார்கள். எவ்வளவு எண்ணெய் போடலாம்?

பர்மியக் குழம்பு எண்ணெய் பிரிந்து மேலே வந்தால்தான் வெந்ததாகக் கணக்கு. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் அந்த எண்ணெய்ப் படலம் கறியைக் கெடாமல் காத்தது. நம் வீட்டுச் சமையலும் இந்த ஊரில் இருந்து இருந்து அப்படியே ஆகிவிட்டது. கறி எண்ணெய் பிரியும்வரை வதங்கட்டும், அந்தப் பக்குவத்தில்தான் வெங்காயத்தின் பச்சை வாடை போகும். வெந்த பிறகு சட்டியைச் சாய்த்து வைத்து மேலே நிற்கும் எண்ணெயைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். மறுநாள் கீரை தாளிக்க அதே எண்ணெய் உதவும்.

அளவு வேண்டுமென்றால் மாதக் கணக்காகப் பாருங்கள். இந்தியாவில் ஊட்டச்சத்து நிபுணர்கள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் வரை சொல்கிறார்கள். 25 என்று வைத்தால் நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 3 கிலோ. ஒரு வீசை 1.63 கிலோ என்பதால் இரண்டு வீசைக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் வீட்டில் மாதம் எத்தனை வீசை வாங்குகிறீர்கள்?

உப்புக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள். ஙப்பி என்னும் மீன் விழுதிலும் கருவாட்டிலும் இருக்கும் உப்பும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

தானியேல் மாதிரி பத்து நாள் மரக்கறி சாப்பிட்டால் உடம்பு சரியாகுமா?

பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் பத்து நாள் நல்லதுதான். ஆனால் தானியேல் உடம்பு இளைக்க அதைச் செய்யவில்லை. ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்று செய்தார். பத்து நாள் முடிவில் அவரும் நண்பர்களும் ராஜபோஜனம் சாப்பிட்ட மற்ற வாலிபர்களைவிடப் புஷ்டியாக இருந்தார்கள் என்றுதான் வசனம் சொல்கிறது! எடை குறைக்கும் திட்டத்துக்கு அவர் பெயரை வைக்க வேண்டாம்.

எனக்குச் சர்க்கரை. லெந்து நாட்களில் உபவாசம் இருக்கலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூடச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. மருந்து உள்ளே போய்ச் சாப்பாடு போகாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். ஜெபத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இப்படி வந்தால் ஆவியின் அசைவு என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உணர்வோடு இருந்தால் உடனே மூன்று நாலு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சிறுநீரக நோயாளிகளுக்கும் முழு உபவாசம் வேண்டாம்.

இதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. கத்தோலிக்கச் சபையில் ஒருசந்தி கட்டாயமாக இருப்பது இரண்டு நாள்தான், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயது முடிந்து 59 வயது முடியாதவர்களுக்கு. ஒரு முழுச் சாப்பாடும் இரண்டு சிறிய வேளையும் அனுமதி உண்டு, நோயாளிகளுக்கு விலக்கும் உண்டு.

சாப்பாட்டை விட முடியாதவர் வேறொன்றை விடலாம். தவக்காலம் முழுக்கப் பால் டீயை விட்டு, அந்தக் காசைத் தனி டப்பாவில் போட்டு வைத்தவர்களை எனக்குத் தெரியும். ஏசாயா 58 கேட்கும் உபவாசமே பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதுதானே.

உபவாசக் கூட்டம் நடத்தும் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள்: நாள் முழுக்கக் காய்ந்த வயிற்றில் சாயங்காலம் பிரியாணியைப் போடாதீர்கள். கஞ்சியும் துவையலும் வைத்து முடியுங்கள்.

சபை விருந்திலும் கிறிஸ்துமஸ் கேரலிலும் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

டிசம்பரில் நம் வாலிபர்கள் ராத்திரி முழுக்க வீடு வீடாகப் பாடப் போவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கேக், இனிப்பு டீ, சில வீட்டில் சோறே. வாங்கிச் சாப்பிடாவிட்டால் வீட்டுக்காரர் முகம் வாடிவிடும். ஸ்தோத்திரக் கூட்டம் முடிந்த பந்தியிலும் இதே கதைதான். "என்னம்மா, கோழி சாப்பிடுற மாதிரி கொத்துறே, இன்னும் ஒரு கரண்டி வைக்கிறேன்" என்று கரண்டியோடு ஒரு அத்தை பின்னாலேயே நிற்பார்.

வேண்டாம் என்று சொல்லும் பாரத்தை விருந்தாளி தலையில் வைக்கவே கூடாது என்பது என் எண்ணம். அது பரிமாறுகிறவர் கையில் இருக்கிறது. அன்பை இன்னொரு கரண்டிச் சோற்றால் காட்டும் பழக்கம் நம் தாய்மாரிடம் பசி இருந்த காலத்தில் வந்தது, அதற்கு மரியாதை உண்டு. இன்றைக்கு அதே பந்தியில் பாதிப் பேர் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு முறை போதும் என்றால் போதும்தான்.

எங்கள் சபைச் சமையலில் மாற்றியவை பெரிதாக ஒன்றுமில்லை. பருப்பும் காயும் முதலில் போகும், சோறு பிறகு. சோற்றை அவரவரே போட்டுக்கொள்கிறார்கள். தட்டில் பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி மீனோ கோழியோ பருப்போ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஜெல்லிக்குப் பதில் பப்பாளி. ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது, பெரியவர்களே இப்போது பப்பாளி எங்கே என்று கேட்கிறார்கள்.

கேரலுக்கு வாசல் திறக்கும் வீட்டார் வேர்க்கடலை அவித்து வைக்கலாம், இஞ்சி டீயைச் சர்க்கரை குறைத்துப் போடலாம். நடுராத்திரியில் பாடி வந்த தொண்டைக்கு அதுதான் இதம்.

பக்கத்து வீட்டில் தமனெ கொடுத்தார்கள், கோயிலில் இருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. சாப்பிடலாமா?

தபோத்வே என்னும் பர்மிய மாதத்தில் தெருவே கூடிப் பெரிய சட்டியில் ஒட்டரிசியும் எள்ளும் கடலையும் தேங்காயும் போட்டுக் கிண்டும் தமனெயைப் புத்தருக்குப் படைத்துவிட்டு அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பார்கள். இந்து உறவினர் வீட்டில் இருந்து பொங்கலும் வரும்.

பவுலுக்கு இதே கேள்வி வந்தது. விற்கப்படுவதையும் விருந்தில் வைப்பதையும் கேள்வி கேட்காமல் சாப்பிடு, பூமியும் அதன் நிறைவும் கர்த்தருடையது என்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்றும் சொல்கிறார். சபைகளுக்குள் இதில் ஒரே கருத்து இல்லை. உங்கள் போதகர் சொல்வதைக் கேளுங்கள். சாப்பிடுகிறவர் சாப்பிடாதவரை அற்பமாக எண்ண வேண்டாம், சாப்பிடாதவரும் மற்றவரைக் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம். எந்தப் பக்கம் இருந்தாலும், கொண்டுவந்தவரின் கையில் இருந்து புன்னகையோடு வாங்குங்கள். கலவர நாட்களில் நமக்குக் கதவைத் திறந்தவர்கள் அந்த அக்கம்பக்கத்தார்தான்.

நர்ஸாக ஒன்று: தமனெயில் எண்ணெய் அதிகம், உள்ளங்கை அளவு போதும்.

ஆரோக்கியச் சாப்பாடு பணக்காரருக்குத்தானே? இந்த விலைவாசியில் எங்களால் முடியுமா?

விலை ஏறியிருப்பது உண்மை. சோறும் ஙப்பியுமாக நாளை ஓட்டும் வீடுகள் நம் சபைகளிலேயே இருக்கின்றன. அவர்களிடம் போய்ச் சாலட் சாப்பிடுங்கள் என்று சொல்வது பாவம்.

ஆனால் நல்லது எல்லாமே விலை கூடியது அல்ல. காலையில் தெருவில் கூவி விற்கும் பெ பியோ, அதாவது முளைகட்டி அவித்த பட்டாணி, சோற்றோடு சாப்பிட்டால் புரதமும் நாரும் கிடைக்கும். ஒரு பால் டீயைவிட வயிற்றில் நிற்கும். புளிச்சக்கீரை, வள்ளைக்கீரை, முருங்கைக்கீரை மூன்றும் எந்தச் சந்தையிலும் கட்டுக் கட்டாக வரும். முருங்கை மரம் வேலியிலேயே நிற்கும் வீடுகள் எத்தனை! முள்ளோடு சாப்பிடும் சின்ன மீனில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. உளுந்தும் துவரையும் இந்த மண்ணில் விளைந்து கப்பலேறி இந்தியாவுக்கே போகிறவை. காசு போகும் இடம் பெரும்பாலும் பாக்கெட் நூடுல்ஸ், டின் பால், குளிர்பானம், கோன்யா என்னும் வெற்றிலைப் பாக்கு.

மன்னாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அளந்து பார்த்தபோது மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியானதும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைந்ததும் இல்லை. மறுநாளுக்குப் பதுக்கியது பூச்சி பிடித்தது. சின் இனக் கிறிஸ்தவர்கள் உலையில் அரிசி போடும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்துச் சபைக்குக் கொண்டுவருவார்கள். நம் தமிழ்ச் சபைகளிலும் பிடி அரிசிக் காணிக்கை உண்டு. அதை விடாமல் செய்ய வேண்டும், அந்த அரிசி அந்த வாரமே ஒரு வீட்டு உலைக்குப் போக வேண்டும். ஒரு பிடி குறைவதால் நம் தட்டுக்கும் நல்லதுதான்.

கோன்யா போடுவது சாப்பாட்டில் சேராதே?

சேராது, அதனால்தான் இன்னும் மோசம். வெற்றிலைக்குள் இருக்கும் பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வாய் முழுதாகத் திறக்காமல் போனாலோ, வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ தெரிந்தாலோ தாமதிக்காமல் காட்டுங்கள்.

குண்டாக இருப்பது பெருந்தீனிப் பாவமா? எனக்கு மனக்கஷ்டம் வந்தால் சாப்பிட்டுக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது.

உடம்பின் அளவை வைத்து யாருடைய பாவத்தையும் எடை போட முடியாது. பரம்பரை, தைராய்டு, மருந்து, தூக்கமின்மை, கவலை என்று எத்தனையோ காரணம் உண்டு. 590 முதல் 604 வரை போப்பாக இருந்த பெரிய கிரகோரி பெருந்தீனியில் ஐந்து வகை சொன்னார்: நேரத்துக்கு முன்பே சாப்பிடுவது, விலை உயர்ந்ததையே தேடுவது, அளவுக்கு மிஞ்சுவது, ஆவலாதியாக அள்ளுவது, பக்குவம் சரியில்லை என்று நுணுக்கம் பார்ப்பது. அளவு இதில் ஒன்றுதான். ஒல்லியாக இருந்துகொண்டு மனைவி சமைத்ததை எல்லாம் குறை சொல்லித் தள்ளும் மனிதரும் இந்தப் பட்டியலில் வருகிறார்.

மனக்கஷ்டத்துக்கு வருவோம். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், மறுபடி தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அதனால் துக்கத்தில் இருப்பவர் முதலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கட்டும். பட்டினி கிடந்து தன்னைத் தண்டிப்பது அடுத்த முறை இன்னும் அதிகமாகச் சாப்பிடவைக்கும். ஒளித்து வைத்துச் சாப்பிடுவது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது என்று போனால் அது நோய். ஜெபத்தோடு டாக்டரும் வேண்டும், கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆளும் வேண்டும்.

வீட்டில் அவருக்கு மட்டும்தான் சர்க்கரை. தனியாகச் சமைக்க வேண்டுமா?

வேண்டாம். ஒருவரை மட்டும் பத்தியத் தட்டோடு ஓரத்தில் உட்காரவைத்தால், மனிதர் ராத்திரி எழுந்து பலகார டப்பாவைத் திறப்பார். கீரையும் மீனும் குறைந்த எண்ணெயும் பிள்ளைகளுக்கும் நல்லதுதான். "பகையோடிருக்கும் கொழுத்த எருதின் கறியைப்பார்க்கிலும், சிநேகத்தோடிருக்கும் இலைக்கறியே நல்லது" என்கிறது நீதிமொழிகள். எல்லாருக்கும் ஒரே சட்டி. சோற்றின் அளவில் மட்டும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கட்டும். மாத்திரையைச் சாப்பாட்டு மேசையிலேயே வையுங்கள், ஜெபம் பண்ணும்போது கண்ணில் படும், மறக்காது.